வலித்தால் தளர்த்துக

வாசிப்பதற்கு முன்

1. பள்ளிக்குச் செல்லும் நாள்களில் உங்கள் தலைமுடியை எவ்வாறு வாரிக் கட்டுகிறீர்கள்?
2. மாலையில் கட்டை அவிழ்த்ததும் தலையில் வலியோ எரிச்சலோ ஏற்பட்டதுண்டா?
3. படிக்கும்போது உங்கள் விரல்கள் என்ன செய்துகொண்டிருக்கும்? முடியைச் சுருட்டுமா? நகத்தைக் கடிக்குமா?

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

மழித்த தலையும் இழுத்த தலையும்

தைப்பூசக் காலத்தில் பத்துமலைக்குச் சென்றவர்கள், முடிக்காணிக்கை செலுத்துவோரைப் பார்த்திருப்பார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் வரிசையாக அமர்ந்து தலையை மழித்துக்கொள்வார்கள். பிறகு நீராடி, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு 272 படிகளையும் ஏறிச் செல்வார்கள். அடுத்த மாதம் அவர்களைச் சந்தித்தால் தலை முழுவதும் கருகருவென்று முடி துளிர்த்திருக்கும். ஓராண்டில் முன்பு மொட்டை போட்ட அடையாளமே தெரியாது.

இனி, வேறொரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். படிவம் இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி. அவள் ஒருமுறைகூட மொட்டை போட்டதில்லை. தினமும் காலையில் அம்மா அவளுக்கு எண்ணெய் தடவி, ஒரு முடிகூடக் கலையாதபடி இழுத்துப் பின்னிவிடுவார். வார இறுதியில் பரதநாட்டிய வகுப்பு. அதற்கு உச்சியில் இறுக்கமான கொண்டை. ஆறு வயதிலிருந்து இதுதான் வழக்கம். கடந்த தீபாவளியன்று வீட்டுக்கு வந்த அத்தை, “என்ன கண்ணு, நெற்றி ஏறிக்கொண்டே போகிறதே!” என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மறுநாள் கண்ணாடி முன் நின்று, நெற்றியோரத்தில் தெரிந்த வெற்றிடத்தில் கண்மையைத் தடவி மறைத்தாள்.

வெற்றிடத்தைக் கண்ட அம்மா புதிய எண்ணெய் வாங்கி வந்தார். தண்ணீர் சரியில்லை என்றார். சத்தான உணவு போதவில்லை என்றார். வெற்றிடம் வெளியே தெரியாமலிருக்கப் பக்கத்து முடியை இழுத்து இன்னும் இறுக்கமாக வாரினார். பாதிப்புக்குக் காரணமான செயலே பாதிப்பை மறைக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

மழித்த தலையில் முடி மீண்டும் வளர்கிறது. இழுத்துக் கட்டிய தலையில் ஏன் வளரவில்லை?

தோலுக்கு அடியில் நடப்பது

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் ஒரு சிறு பையிலிருந்து வளர்கிறது. அதனை மயிர்க்கால் என்பர். மயிர்க்காலின் அடிப்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. அவை கொண்டுவரும் சத்தைப் பெற்று அங்குள்ள உயிரணுக்கள் பெருகுகின்றன. அவ்வாறு பெருகி, கெட்டிப்பட்டு, மேலே தள்ளப்படும் உயிரற்ற பகுதியைத்தான் நாம் முடி என்கிறோம். முடியை வெட்டினால் வலிப்பதில்லை, பிடுங்கினால் வலிக்கிறது. ஏனெனில், உயிர் இருப்பது வேரில்தான்.

முடிக்கு ஒரு வாழ்க்கைச் சுழற்சி உண்டு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை அது வளரும். வளர்ச்சியின் வேகம் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி அடங்கும். அடுத்த மூன்று மாதங்கள் முடி ஓய்வெடுத்து, பின்னர் உதிரும். அதே மயிர்க்காலிலிருந்து புதுமுடி முளைக்கும். ஆகவே, ஒரு நாளில் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. சீப்பில் நாலு முடி கண்டதும் அஞ்சத் தேவையில்லை.

லாலாங் புல்லை எண்ணிப் பாருங்கள். மேலே வெட்டினால் மண்ணுக்கடியில் இருக்கும் தண்டிலிருந்து மீண்டும் தழைக்கும். அந்தத் தண்டையே அழித்துவிட்டால் அங்கே புல் முளைக்காது. மழிக்கும் கத்தி தோலுக்கு மேலே உள்ளதை மட்டுமே நீக்குகிறது; மயிர்க்காலைத் தொடுவதில்லை. ஆனால், ஓயாத இழுவை மயிர்க்காலையே தாக்குகிறது. கேள்விக்கான விடை இதுதான்.

எறும்பூரக் கல்லும் தேயும்

முடியைத் தொடர்ந்து இழுத்துக் கட்டுவதால் ஏற்படும் முடியிழப்பை இழுவை முடியுதிர்வு என்பர். மருத்துவர்கள் இதனை ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என அழைக்கின்றனர். இது புதிய நோயன்று. கிரீன்லாந்துப் பெண்கள் முடியை உச்சியில் இறுக்கமாக முடிந்துகொள்வது வழக்கம். அவர்களின் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி குறைந்திருப்பதை 1907ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்துள்ளார். பனி சூழ்ந்த அந்நாட்டில் கண்ட அதே அடையாளத்தை இன்று உலகின் பல பகுதிகளில் காண்கிறோம். பாலே நடனக் கலைஞர்கள், முடியை நெருக்கமாகச் சிறு சிறு சடைகளாகப் பின்னிக்கொள்ளும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள், முடியை உச்சியில் முடிந்து தலைப்பாகை அணியும் சீக்கியச் சிறுவர்கள் எனப் பலரிடம் இது காணப்படுகிறது. எனவே, இதனைப் பெண்களின் பிரச்சினை என்றோ, ஓர் இனத்தின் பிரச்சினை என்றோ கருதுதல் தவறு. எந்தத் தலையாயினும் இழுவை இழுவைதான்.

நம் பள்ளிகளிலும் இதற்கான சூழல் உண்டு. சிலர் தினமும் ஒரே இடத்தில் இறுக்கமாகக் குதிரைவால் கட்டுகின்றனர். சிலர் விடியற்காலையில் குளித்த ஈரம் காயுமுன் முடியை முறுக்கிக் கட்டி, அதன்மேல் தலையை மறைக்கும் துணியை அணிகின்றனர். அங்குக் குறை துணியில் இல்லை. அடியில் இருக்கும் கட்டில்தான் உள்ளது. ஈரமான முடி எளிதில் நீளும். எளிதில் அறுந்தும் போகும். நாட்டிய நிகழ்ச்சிகளில் சவுரி முடி, குஞ்சலம், நகைகள், பூச்சரம் ஆகியவை அனைத்தும் சேர்ந்து சடையின் எடையைக் கூட்டுகின்றன. அந்த எடை முழுவதையும் மயிர்க்கால்களே தாங்குகின்றன. ஒரு நாள் நிகழ்ச்சியால் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆயினும், ‘எறும்பூரக் கல்லும் தேயும்’ என்பார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் சிறு இழுவை, ஆண்டுக்கணக்கில் தொடரும்போது பெருந்தீங்காகிறது. முடியை நேராக்கவும் சாயமேற்றவும் பயன்படும் இரசாயனங்கள் முடியின் வலிமையைக் குறைத்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

உடல் முன்கூட்டியே நம்மை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகள் வருமாறு:

• வாரிக் கட்டியதும் வலி, எரிச்சல் அல்லது தலைவலி ஏற்படுதல்.
• புருவங்கள் மேல்நோக்கி இழுபட்டதுபோல் தோன்றுதல்.
• முடியின் வேரைச் சுற்றிச் சிவந்த பருக்களோ சீழ்க்கொப்புளங்களோ தோன்றுதல்.
• நெற்றியோரத்திலும் காதுக்கு முன்புறத்திலும் முடி குறைதல். பலருக்கு எல்லையோரத்தில் மெல்லிய குறுமுடிகள் மட்டும் எஞ்சியிருக்க, அதற்குப் பின்னால் வெற்றிடம் தெரியும். இழுவைக்குள் அகப்படாத குட்டை முடிகளே அவ்வாறு தப்பி நிற்கின்றன.

தன் கையே பிடுங்கும்போது

முடியை இழுப்பது சீப்பும் ரப்பர் பட்டையும் மட்டுமல்ல. சிலருக்குச் சொந்த விரல்களே இழுக்கின்றன. தேர்வுக்குப் படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ கை தானாகத் தலைக்குச் செல்லும். ஒரு முடியைத் தேடிப் பிடிக்கும், பிடுங்கும். மேசையில் முடிகள் சேர்ந்த பிறகுதான், “இத்தனை முடிகளையும் நானா பிடுங்கினேன்?” என்ற திகைப்பு வரும். வேறு சிலருக்கு மனத்தில் ஓர் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். பிடுங்கியதும் கணநேர நிம்மதி. அடுத்து வெட்கமும் குற்றவுணர்வும். புருவத்தையும் இமைமுடியையும் பிடுங்குவோரும் உளர்.

இந்நிலைக்கு 1889இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹாலோப்போ ‘டிரைக்கோடிலோமேனியா’ எனப் பெயரிட்டார். ‘முடி’, ‘பிடுங்குதல்’ ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் உருவானது. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் இது தொடங்குகிறது. அஃதாவது, உங்கள் வயதையொட்டியே. இது பிடிவாதமோ ஒழுங்கீனமோ அன்று. கவன ஈர்ப்புக்கான நாடகமும் அன்று. மனநல மருத்துவம் இதனை ஒரு கோளாறாக ஏற்றுக்கொண்டுள்ளது. “கையை எடு!” என்று அதட்டினால் கை கீழே இறங்கும். ஆனால், உள்ளிருக்கும் இறுக்கம் இறங்காது. அதட்டலுக்கு அஞ்சி, குளியலறையில் மறைந்து பிடுங்குவோரும் உண்டு.

சிலர் பிடுங்கிய முடியை வாயிலிட்டு விழுங்கிவிடுவர். முடி செரிக்காது. அது வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து, அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்கு ஆபத்தாகலாம். இப்பழக்கம் உள்ளவர்கள் தயங்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

காரணத்தை அறிந்துகொள்ள முடியிழந்த இடமே ஓரளவு உதவும். கட்டினால் வந்த இழப்பு, இழுவை மிகுந்த நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இருக்கும். பிடுங்குவதால் வந்த இழப்பு ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். தடவிப் பார்த்தால் வெவ்வேறு நீளத்தில் முறிந்த முடிகள் கையில் குத்தும். நம்மவர் ‘புழுவெட்டு’ என்று கூறும் நோயிலோ வட்டமான இடம் வழவழப்பாக இருக்கும். அதற்குப் புழு காரணமன்று. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் அது நேர்கிறது. எனினும், நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. நோயை உறுதிப்படுத்த வேண்டியவர் மருத்துவரே.

காலம் இருக்கும்போதே

இழுவை முடியுதிர்வில் காலமே முக்கியம். தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்திவிட்டால் மயிர்க்கால்கள் மீண்டு, முடி மறுபடி வளரும். ஆனால், ஒரே வாரத்தில் மாற்றத்தை எதிர்பார்த்தல் கூடாது. மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். அழற்சி இருந்தால் மருத்துவர் அதற்கேற்ற மருந்து தருவார். இழுவை பல ஆண்டுகள் நீடித்துவிட்டாலோ மயிர்க்கால் இருந்த இடத்தில் தழும்பு உண்டாகிவிடும். தழும்பேறிய இடத்தில் எந்த எண்ணெயாலும் முடியை முளைக்கச் செய்ய இயலாது. ஆதலால், ‘வருமுன் காப்போம்’ என்பது இங்கு வெறும் முழக்கமன்று.

முடி பிடுங்கும் பழக்கத்திற்கும் தீர்வு உண்டு. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று மனந்தளர வேண்டியதில்லை. 1973இல் அஸ்ரின், நன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், பழக்கத்தை மாற்றும் பயிற்சி ஒன்றை வெளியிட்டனர். இன்றும் உளவியல் வல்லுநர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதன் முதற்படி கவனித்தல். கை எப்போது, எங்கே, எந்த மனநிலையில் தலைக்குச் செல்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இரண்டாவது படி பதிலிச் செயல். பிடுங்கும் உந்துதல் வந்ததும் விரல்களை இறுக மூடிக்கொள்ளலாம். ஒரு பந்தைப் பிசையலாம். உந்துதல் அடங்கும்வரை கைக்கு வேறு வேலை தருவதே நோக்கம். மூன்றாவது படி துணை. நம்பிக்கைக்குரிய ஒருவர், குறை கூறாமல் நினைவூட்டவும் முன்னேற்றத்தைப் பாராட்டவும் வேண்டும். இப்பயிற்சியைத் தகுந்த வல்லுநரின் வழிகாட்டலுடன் மேற்கொள்வதே சிறந்தது. இடையில் ஓரிரு நாள்கள் பழக்கம் திரும்பலாம். அது தோல்வியாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. தளர்வாகக் கட்டுக. ‘முடியைக் கட்டி வர வேண்டும்’ என்பது பள்ளி விதி. ‘இறுக்கிக் கட்டி வர வேண்டும்’ என்பதன்று. நேர்த்தி வேறு, இறுக்கம் வேறு.
2. இடத்தை மாற்றுக. இன்று உயரக் கட்டினால் நாளை தாழக் கட்டலாம். வகிட்டையும் இடம் மாற்றலாம். தலைப்பாகைக்கு அடியில் முடிந்துகொள்பவர்களும் முடிச்சைத் தளர்த்திக்கொள்ளலாம்.
3. வெறும் ரப்பர் பட்டையைத் தவிர்த்து, துணி சுற்றிய பட்டையைப் பயன்படுத்துக.
4. ஈர முடியை இறுகக் கட்டாதீர். உலர்ந்த பிறகு வாருக.
5. வீடு திரும்பியதும் கட்டை அவிழ்த்திடுக. உறங்கும்போதும் முடிக்கு ஓய்வு தருக.
6. நாட்டிய ஒத்திகைகளுக்கு எளிய பின்னல் போதும். முழு அலங்காரத்தை நிகழ்ச்சி நாளுக்கென வைத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி முடிந்தவுடன் சவுரியை அகற்றுக.
7. வலித்தால் தளர்த்துக. பொறுத்துக்கொள்வதில் பெருமையில்லை.

வெற்றிடம் தெரியத் தொடங்கினாலோ, கை அடிக்கடி தலைக்குச் சென்றாலோ பெற்றோரிடம் கூறுங்கள். அது கடினமாக இருந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை நாடலாம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் காணலாம். தேவைப்பட்டால் அவர் தோல் மருத்துவரிடமோ மனநல வல்லுநரிடமோ அனுப்பிவைப்பார்.

ஒரு சொல் போதும்

முடியிழப்பு உடலை வருத்துவதைவிட மனத்தையே அதிகம் வருத்துகிறது. “சொட்டை” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி நீச்சல் பயிற்சியை விட்டவர், வகுப்பில் கடைசி வரிசைக்கு மாறியவர், படம் எடுக்கும்போது விலகி நிற்பவர் நம்மிடையே இருக்கலாம். அத்தகைய நண்பரிடம் “உன் தலைக்கு என்ன ஆயிற்று?” என்று பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். தனிமையில், “உனக்கு ஏதாவது சிரமமா? பேச வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்” என்று கூறிப் பாருங்கள். அவர் உடனே பேசாமல் போகலாம். ஆனால், தன்னைக் கேலி செய்யாத ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்துகொள்வார்.

நாம் கற்பனை செய்த மாணவியிடம் திரும்புவோம். ஒரு நாள் காலை, அம்மா சீப்பை எடுக்கும்போது அவள், “அம்மா, கொஞ்சம் தளர்வாகப் பின்னுங்கள். வலிக்கிறது,” என்கிறாள். எட்டு ஆண்டுகளாகச் சொல்லாத சொல் அது. அம்மாவின் கை ஒரு கணம் நிற்கிறது. “வலிக்கிறதா? இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்கிறார். “அழகாக இருக்க வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்,” என்கிறாள் அவள். அன்று பின்னல் தளர்ந்தது. மாலையில் சில முடிகள் கலைந்துதான் இருந்தன. நெற்றியோரத்து வெற்றிடம் முழுவதும் நிரம்புமா என்பது போகப் போகத்தான் தெரியும். ஆனால், அதற்கான முதல் நாள் அன்றே தொடங்கிவிட்டது.

அருஞ்சொற்பொருள்

மயிர்க்கால் – முடி வளரும், தோலுக்குள் இருக்கும் சிறு பை
இழுவை – தொடர்ந்து இழுக்கப்படும் நிலை
அழற்சி – சிவந்து, வீங்கி, வலியும் எரிச்சலும் உண்டாதல்
தழும்பு – புண் ஆறிய பின் நிலைத்துவிடும் வடு
சவுரி – சடையை நீளமாகவும் அடர்த்தியாகவும் காட்டச் சேர்த்துப் பின்னும் முடி
குஞ்சலம் – சடையின் நுனியில் கட்டும் தொங்கல் அணி
உந்துதல் – ஒன்றைச் செய்யத் தூண்டும் உள்வேகம்
பதிலிச் செயல் – ஒன்றுக்கு மாற்றாகச் செய்யும் செயல்

கருத்துணர்தல்

அ. பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. மழித்த தலையில் முடி மீண்டும் வளர்வதற்கான காரணம் யாது?
2. லாலாங் புல் உவமையின்வழி கட்டுரையாளர் விளக்க விழையும் கருத்து என்ன?
3. ‘பாதிப்புக்குக் காரணமான செயலே பாதிப்பை மறைக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.’ இவ்வரியை உம் சொந்த நடையில் விளக்குக.
4. இழுவை முடியுதிர்வின் எச்சரிக்கை அறிகுறிகள் மூன்றனைப் பட்டியலிடுக.
5. முடி பிடுங்கும் பழக்கம் உள்ளவரை அதட்டுவதால் பயனில்லை. ஏன்?
6. பழக்கத்தை மாற்றும் பயிற்சியின் மூன்று படிகளைத் தொகுத்து எழுதுக.

ஆ. சிந்தித்துக் கலந்துரையாடுக.

1. ‘எறும்பூரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழி பெரும்பாலும் விடாமுயற்சியைப் புகழவே பயன்படுகிறது. இக்கட்டுரையில் அது எவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளது? இப்பயன்பாடு பொருத்தமானதா?
2. ‘அழகாக இருக்க வேண்டுமென்றால் வலிக்கத்தான் செய்யும்.’ இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? வேறு எந்தச் சூழல்களில் இவ்வாறு எண்ணுகிறோம்?

இ. எழுத்துப் பணி

உங்கள் பள்ளியின் தலைமுடி தொடர்பான விதிகளில் மாணவர் நலனைக் கருதி ஒரு திருத்தம் செய்யுமாறு பரிந்துரைத்து, பள்ளி முதல்வருக்கு ஓர் அலுவல் கடிதம் எழுதுக. காரணங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்துக்காட்டுக.